ஸ்டாண்டர்டு ஹெரால்டைக் குறைந்த செலவில் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுவருவது எப்படி

இரண்டு கதவுள்ள பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைச் சொந்தமாக வைத்திருக்க வேண்டும் என்ற ஆசை கொழிஞ்சாம்பாறையிலும் வேலந்தாவளத்திலும் பாலக்காட்டுச் சித்தூரிலும் பலருக்கு உண்டு. ஆனால் எம்.ஜி., டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் போன்ற வண்டிகள் நம் பக்கத்தில் விலைக்கு வருவதே அபூர்வம். வந்தாலும் நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டாது. அவற்றுக்குப் பதிலாக, சென்னை வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டைத் தேடும்படியே நான் சொல்வேன். பிரிட்டனில் 1959-இல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டின் இந்திய வடிவம் அது. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலோட்டி. அந்த ஹெரால்டின் சேஸியை, அதாவது அடிச்சட்டத்தைக் குட்டையாக்கித்தான் 1962-இல் ஸ்பிட்ஃபயரை உருவாக்கினார்கள். 948 சி.சி. என்ஜினை மட்டும் வைத்துக்கொண்டு ஹெரால்டை ஸ்போர்ட்ஸ் கார் என்று அழைப்பதற்குச் சிலர் முகம் சுளிக்கலாம். இருந்தாலும் முன்புற சஸ்பென்ஷன், ரேக் ஸ்டீயரிங், முழுதாக முன்னோக்கிக் கவிழும் பானெட் என்று பலவும் ஸ்பிட்ஃபயருடன் பொதுவானவை என்பதால், உதிரிபாகம் இன்றும் கிடைக்கிறது. நான்கு கதவுள்ள மார்க் 3 வகை 1968-இல் வந்தது. 1972-இல் வந்த கஸல், பின் ஆக்சில் உட்படப் பல வகையில் வேறு வண்டி. ஆகவே தேட வேண்டியது முந்தைய இரண்டு கதவு ஹெரால்டுகளைத்தான்.

தொழிற்சாலை நிலை என்பதைக் கண்ணாடி போன்ற பளபளப்பு என்று பலர் எடுத்துக்கொள்வதால்தான் செலவு கட்டுக்கடங்காமல் போகிறது. ஹெரால்டின் உடல் ஒரே கூடாக வார்க்கப்பட்டதன்று. முன்பகுதி, பின்பகுதி, பானெட், கதவுகள், கதவுக்குக் கீழே ஓடும் சில் தகடுகள் என்று தனித்தனித் துண்டுகளாகச் செய்து, சேஸியின் மீது போல்ட்டு போட்டு இணைக்கப்பட்டது. அதனால் கதவு இடைவெளிகள் புது வண்டியிலேயே ஒரே சீராக இருந்ததில்லை. இன்றைய கார்களைப் போல இடைவெளியை நூல் பிடித்தாற்போல் ஆக்குவதற்காகத் தகட்டை வெட்டி ஒட்டுபவர் இரட்டைச் செலவு செய்து, இல்லாத ஒரு காரை உருவாக்குகிறார். பழைய பாகத்தைக் கழற்றி, சுத்தம் செய்து, தேய்ந்த இடத்தை மட்டும் சரிசெய்து, அதே இடத்தில் மாட்டுவதுதான் மலிவு; மூலநிலைக்கு நெருக்கமானதும் அதுவே. கீழே சொல்லப்படும் ஒவ்வொரு வேலையிலும் இந்த ஒரு கொள்கையைத்தான் கடைப்பிடிக்கச் சொல்கிறேன்.

வண்டிக்கு முன் காகிதம்

கேரள-தமிழ்நாட்டு எல்லைப்புறத்தில் இருப்பவர்கள் வண்டியின் துருவைப் பார்ப்பதற்கு முன் ஆர்.சி. புத்தகத்தைப் பார்க்க வேண்டும். ஆர்.சி.யில் உள்ள சேஸி எண்ணும் என்ஜின் எண்ணும் வண்டியில் உள்ளவையும் ஒன்றாக இருக்கின்றனவா என்பது முதல் கேள்வி. நம் பக்கத்துப் பழைய வண்டிகளில் பாதி, காலமான தாத்தாவின் பெயரிலேயே நிற்கும். அப்படியானால் வாரிசுதாரர் முதலில் படிவம் 31 வழியாகத் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டு, பிறகு 29, 30 படிவங்களில் உங்களுக்கு மாற்ற வேண்டும். இதை வாங்குபவர் தலையில் கட்ட முயலும் விற்பனையாளரிடம் விலையில் ஒரு பைசாவும் முன்பணமாகக் கொடுக்க வேண்டாம். பொள்ளாச்சியிலோ கோவையிலோ பதிவான வண்டியைப் பாலக்காடு மாவட்டத்துக்குக் கொண்டுவந்து வைத்திருந்தால், 12 மாதத்துக்கு மேல் அதே எண்ணில் ஓட்ட முடியாது, முந்தைய ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28 மூலம் தடையின்மைச் சான்று பெற்று, கேரள வரியைச் செலுத்தி, கேரள எண் வாங்க வேண்டும். கேரளப் பதிவு வண்டியைத் தமிழ்நாட்டுப் பக்கம் கொண்டுபோவோருக்கும் இதே நடைமுறைதான்.

2021 ஜூலையில் அறிவிக்கப்பட்ட மத்திய விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த வண்டியை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்யலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுக்குப் பின் புதுப்பிக்க 5,000 ரூபாய். ஏற்கெனவே பதிவுள்ள வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு 'வி.ஏ.' வரிசையில் எண் வரும். ஆனால் விண்டேஜ் பதிவு பெற்ற வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டக்கூடாது. சேஸி, உடல், என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் மூல வடிவில் வைத்திருக்க வேண்டும் என்பதும் அந்த விதியில் உண்டு. மாருதி என்ஜினை வைத்தால் மைலேஜ் வரும் என்று யோசனை சொல்பவர்களுக்கு இந்த விதியைக் காட்டினால் போதும்.

காகிதம் சரியாக இருந்தால் மட்டும் ஸ்க்ரூடிரைவரை எடுங்கள். வண்டியின் அடியில் படுத்து, நடுச் சேஸியிலிருந்து பக்கவாட்டில் நீளும் தாங்கு கைகளையும், அவற்றை இணைக்கும் ஓரச் சட்டங்களையும் ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். கணீரென்ற ஒலி நல்லது. மொத்தையான ஒலி வந்தால் உள்ளே துருவும், பள்ளம் நிரப்பப் பூசும் பட்டியும் நிறைந்திருக்கின்றன. அடுத்து, பானெட்டைக் கவிழ்த்து பேட்டரித் தட்டைப் பாருங்கள். பல்லாண்டு சிந்திய அமிலம் அந்தத் தட்டைத் தின்று, கீழே கால் வைக்கும் தரைவரை இறங்கியிருக்கலாம். நடுச் சேஸி உறுதியாக இருந்து தாங்கு கைகள் மட்டும் போயிருந்தால் தாராளமாக வாங்கலாம். நடுச் சேஸியே டிஃபரன்ஷியல் இருக்கும் இடத்தில் கிழிந்திருந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அதை உதிரிபாகத்துக்கான வண்டியாகவே கணக்கில் வைக்க வேண்டும்.

கழற்றுதல்

ஹெரால்டின் மரைகள் அங்குல அளவு, யூ.என்.எஃப். எனப்படும் நுண்மரை வகை. நம் ஹார்டுவேர் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் மில்லிமீட்டர் ஸ்பேனர்களை வைத்து இதைக் கழற்றத் தொடங்குவதுதான் போல்ட்டுத் தலைகள் உருண்டு போவதற்குக் காரணம். அரை அங்குலத் தலைக்கு 13 ஸ்பேனர் ஏறக்குறையப் பொருந்தும். அந்த ஏறக்குறையவே துருப்பிடித்த போல்ட்டின் மூலைகளைச் சீவிவிடும். 7/16, 1/2, 9/16 ஆகிய மூன்று அளவுகளில் நல்ல ரிங் ஸ்பேனர்கள் இருந்தால் வண்டியின் பெரும்பகுதியைக் கழற்றிவிடலாம். மாட்டும்போதும் அதே எச்சரிக்கை வேண்டும்: எட்டு மில்லி போல்ட்டு 5/16 அங்குல மரையில் முதல் இரண்டு சுற்று சாதுவாக ஏறும், பிறகு மரையையே அறுத்துவிடும்.

ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுமுன் கைப்பேசியில் படம் எடுத்து, கழற்றிய போல்ட்டுகளை ஜிப் பையில் போட்டு, எங்கிருந்து வந்தது என்று பென்சிலால் எழுதிய சீட்டை உள்ளே வையுங்கள். மை டீசலில் அழிந்துவிடும், பென்சில் அழியாது. உடலுக்கும் சேஸிக்கும் நடுவே இருக்கும் மெல்லிய தகட்டு அடைப்புகளை எந்த இடத்தில் எத்தனை என்று குறித்துக்கொள்வது மிக முக்கியம், ஏனென்றால் கதவு இடைவெளி முழுவதும் அந்த அடைப்புகளைக் கூட்டிக் குறைத்துத்தான் சரிசெய்யப்படுகிறது. எது எவ்வளவு உடைந்திருந்தாலும், மாற்றுப் பாகம் கையில் வந்து பொருந்தும் வரை பழையதை எடைக்குப் போடாதீர்கள். நுனி உடைந்த கைப்பிடியானாலும் லேத்துக்காரருக்கு அதுதான் மாதிரி.

சேஸி

பணத்தை முதலில் இறக்க வேண்டிய இடம் இதுவே. உடலை முழுவதும் தூக்கி எடுத்துவிட்டுச் சேஸியைச் செய்வதே அழகு என்றாலும், வீட்டுக் கொட்டகையில் செய்பவருக்கு அதில் ஒரு அபாயம் உண்டு: உடலின் பிடிப்பு இல்லாத சேஸி, வெல்டிங் சூட்டில் முறுக்கிக்கொள்ளும். ஆகவே, கதவு வாசல்களுக்குக் குறுக்கே கோணச் சட்டம் வைத்து இறுக்கிக்கொண்டு, தாங்கு கைகளை ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் அறுத்துவிடாதீர்கள்.

அளவு பார்க்க விலையுயர்ந்த மேடை தேவையில்லை. சமமான சிமென்ட்டுத் தரையில் வண்டியை நான்கு ஸ்டாண்டுகளில் நிறுத்தி, சஸ்பென்ஷன் பொருத்தும் துளைகளிலிருந்து கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது தொடும் புள்ளிகளைச் சாக்பீசால் குறித்து, மூலைக்கு மூலை அளந்தால் சேஸி நேராக இருக்கிறதா, ஒரு பக்கம் இழுத்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும். இரண்டு மூலைவிட்டங்களும் ஒன்றுக்கொன்று ஒத்திருக்க வேண்டும். வேலை தொடங்குமுன் எடுத்த அளவைச் சுவரிலேயே எழுதி வைத்து, ஒவ்வொரு கையையும் பற்றவைத்த பின் மீண்டும் அளந்து பாருங்கள். தாங்கு கைகளை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதைவிட, பழையதை மாதிரியாகக் கொடுத்து, அதே தடிப்புள்ள தகட்டில் கோவையில் உள்ள பிரஸ் பிரேக் பட்டறையில் மடித்து வாங்குவது மலிவு. பம்புசெட்டும் வார்ப்படமும் செய்து பழகிய ஊர் என்பதால், வரைபடம் இல்லாமல் மாதிரியைப் பார்த்தே செய்து தரும் கைகள் அங்கே இன்னும் இருக்கின்றன. பாகங்களை டெம்போவில் ஏற்றி எல்லையைக் கடக்கும்போது ஆர்.சி.யின் நகலைக் கூடவே வைத்திருங்கள். எண் அடித்த பழைய என்ஜின் ஒன்று வண்டியில் கிடந்தால், கேள்வி கேட்பது காவலரின் கடமை.

சிறு பாகங்களின் துருவைப் போக்க மின்பகுப்பு முறை போதும். பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீருடன் சலவைச் சோடாவைக் கரைத்து, பாகத்தைப் பேட்டரி சார்ஜரின் நெகடிவ் முனையிலும், ஓரமாகத் தொங்கும் வீணான இரும்புத் துண்டைப் பாசிடிவ் முனையிலும் இணைத்தால், ஓரிரவில் துரு கறுப்புச் சகதியாக உதிரும். பாசிடிவ் முனையில் எவர்சில்வரைக் கட்டவே கூடாது, ஏனெனில் நச்சுக் குரோமியம் கரைந்து வரும். ஹைட்ரஜன் வெளியேறுவதால் திறந்த வெளியில் செய்யுங்கள். கம்பிகளை மாற்றுமுன் சார்ஜரை அணைத்துவிடுங்கள். வெளிநாட்டில் மொலாசஸில் ஊறவைக்கும் பழக்கம் உண்டு. நம் இரு மாநிலங்களிலும் மொலாசஸ் மதுவிலக்கு, கலால் கட்டுப்பாட்டில் வரும் சரக்கு என்பதால், அதை ஒரு டிரம் வீட்டில் வைத்திருந்துவிட்டுக் காருக்காக என்று விளக்கம் சொல்லும் நிலைக்குப் போக வேண்டாம்.

முன்சக்கரத்து டிரனியன்

ஹெரால்டில் உயிர்ப்பயம் உள்ள பாகம் ஒன்று உண்டென்றால் அது முன் சஸ்பென்ஷனின் அடியில் இருக்கும் டிரனியன். செங்குத்தான எஃகுத் தண்டின் கீழ்முனையில் மரை வெட்டப்பட்டிருக்கும்; அது வெண்கலக் கூடு ஒன்றுக்குள் திருகி நிற்கும்; ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது அந்த மரையிலேயே சக்கரம் திரும்பும். இதற்குப் போட வேண்டியது ஈ.பி. 90 கியர் ஆயில். நம் சர்வீஸ் நிலையங்களிலோ நிப்பிளைக் கண்டவுடன் கிரீஸ் கன்னை வைத்து அழுத்திவிடுகிறார்கள். கிரீஸ் மரையின் அடிவரை இறங்காது, மழைத்தண்ணீர் இறங்கும். எஃகு உள்ளுக்குள்ளேயே அரித்து, ஒரு நாள் வளைவில் திரும்பும்போது தண்டு ஒடிந்து சக்கரம் மடங்கிவிடும். "கிரீஸ் அடிச்ச ஹெரால்டை வாளையார் தாண்டி ஓட்டாதீங்க தம்பி" என்று எங்கள் பக்கத்துப் பட்டறை ஆசான் சொல்வது வேடிக்கைக்காக அல்ல.

கூட்டைத் திருகிக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, எஃகு மரையைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மரையின் அடிப்பகுதியில் குழிகளோ, கோடாக ஓடும் துருவோ இருந்தால் அந்தத் தண்டைத் திரும்பப் போடக்கூடாது. அதைப் பற்றவைப்பதும், லேத்தில் மரையை ஆழப்படுத்துவதும் கொலைக்குச் சமம். இந்த ஒன்றை மட்டும் புதிதாகவே வாங்குங்கள். ஒரு பக்கத்துக்கு வலமரை, மறுபக்கத்துக்கு இடமரை என்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். மாட்டிய பின் ஆயில் கன்னால் மேல்விளிம்பில் எண்ணெய் கசியும் வரை நிரப்புங்கள். கசிந்து வழிவது குறையல்ல. அது நிரம்பியதற்கான அடையாளம். மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

பின்புறம் குறுக்காகக் கிடக்கும் கமான் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) தொய்ந்திருந்தால், சக்கரங்களின் மேல்பகுதி உள்நோக்கிச் சாய்ந்து நிற்கும். லாரிக் கமான் அடிக்கும் பட்டறையிலேயே அதன் வளைவைத் திரும்ப எழுப்பிவிடலாம். ஊசலாடும் ஆக்சில் உள்ள இந்த வண்டியில், வளைவின் நடுவே ஆக்சிலரேட்டரைத் திடீரென்று விட்டால் பின்சக்கரம் உள்ளே மடிய முயலும். கமான் சரியாக இருந்தாலும் நெல்லியாம்பதி மலைச்சாலையில் இதை மறக்கக்கூடாது.

பிரேக் முழுவதும் டிரம் வகை. வீல் சிலிண்டரில் குழி விழுந்திருந்தால் லேத்தில் குடைந்து பித்தளை ஸ்லீவ் போட்டு வாங்கலாம். பழைய ஷூக்களையே திரும்ப லைனிங் ஒட்டி வாங்கலாம். ரப்பர் ஹோஸ்களில் மட்டும் சிக்கனம் வேண்டாம். வெளியே நன்றாகத் தெரியும் ஹோஸ் உள்ளே உப்பி அடைத்து, பிரேக்கை விட்ட பின்னும் சக்கரத்தைப் பிடித்தே வைத்திருக்கும். டிரம்மைக் கழற்றும்போது உள்ளிருக்கும் தூசைக் காற்றடித்து ஊதாதீர்கள். அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். தண்ணீர் தெளித்துத் துணியால் துடைத்து எடுங்கள்.

என்ஜின்

63 மில்லிமீட்டர் போர், 76 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் கொண்ட இந்த நான்கு சிலிண்டர் என்ஜின் எளிமையானது, பொறுமையானது. வண்டி வந்தவுடன் என்ஜினை இறக்கி, சிலிண்டரைக் குடைந்து அகலப்படுத்தும் போரிங்குக்கு அனுப்பிவிடும் பழக்கம் நம் மெக்கானிக்குகளிடம் உண்டு; அதற்கு முன் கம்ப்ரஷன் பார்த்துவிடுங்கள். ஒரு சிலிண்டரில் அழுத்தம் குறைவாக இருந்தால், பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி என்ஜின் ஆயிலை ஊற்றி மீண்டும் பாருங்கள். அழுத்தம் ஏறினால் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்திருக்கின்றன; ஏறாவிட்டால் கோளாறு வால்விலோ ஹெட் கேஸ்கெட்டிலோ இருக்கிறது, ஹெட்டை மட்டும் இறக்கினால் போதும். சிலிண்டரை உள்மைக்ரோமீட்டரால் மேலும் கீழும் அளந்து, தேய்மானம் மேனுவலில் சொன்ன எல்லைக்குள் இருந்தால், உட்சுவரை இலேசாகத் தீட்டும் ஹோனிங் மட்டும் செய்து புது ரிங் போட்டால் போதுமானது. ஒவ்வொரு போரிங்கும் அந்த பிளாக்கின் ஆயுளில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

இந்த என்ஜினுக்கே உரிய ஒரு சோதனை உண்டு. ஒருவர் கிளட்ச்சை மிதித்து மிதித்து விட, மற்றவர் முன்புறத்துக் கிராங்க் புல்லியைக் கூர்ந்து பார்க்க வேண்டும். புல்லி கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு முன்னும் பின்னும் நகர்ந்தால், பின்பக்க மெயின் பேரிங்கில் இருக்கும் கிராங்க் முன்பின் நகராமல் தடுக்கும் பிறை வடிவத் திரஸ்ட் வாஷர்கள் தேய்ந்துவிட்டன. அவை கழன்று சம்ப்பில் விழுந்த பின்னும் ஓட்டினால், கிராங்க் பிளாக்கையே அரைத்துவிடும். வாஷர்கள் மலிவு, பிளாக் கிடைக்காது.

ஹெட்டை இறக்கியிருக்கும்போது எக்சாஸ்ட் வால்வு இருக்கைகளைப் பாருங்கள். ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. ஈயம் இல்லாமல் பழைய வார்ப்பிரும்பு இருக்கைகள் மெல்ல உள்வாங்கும். உள்வாங்கியிருந்தால் கடினமான எஃகு வளையங்களை அழுத்திப் பொருத்திக்கொள்ளுங்கள். வெளியே தெரியாத இந்த மாற்றத்தை மூலநிலைக்கு எதிரானதாக நான் கருதுவதில்லை. மாட்டி முடித்ததும் பிளக் வயர்களை 1-3-4-2 என்ற வரிசையில் இணையுங்கள்.

பெட்ரோலும் மின்சாரமும்

இப்போது பங்க்குகளில் கிடைக்கும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல், அந்தக் காலத்து ரப்பரையும் தக்கைக் கேஸ்கெட்டையும் ஊறவைத்துக் கெடுக்கும். பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம், எல்லா ஹோஸ்கள், சோலெக்ஸ் கார்புரேட்டரின் வாஷர்கள் ஆகியவற்றை எத்தனாலைத் தாங்கும் வகையில் மாற்றிவிடுங்கள். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் என்பதால், மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பதானால் டாங்கைக் காலி செய்துவிடுவது நல்லது. ஓட்டை விழுந்த டாங்கைப் பற்றவைக்க அனுப்புமுன், பலமுறை சுடுநீரால் கழுவி, ஆவி முற்றிலும் போன பின்பே கொடுங்கள். காலியான பெட்ரோல் டாங்க் நிறைந்த டாங்கைவிட ஆபத்தானது.

வயரிங்கை முழுதாகப் பிடுங்கிவிட்டு ஒரே நிறக் கம்பியில் புதிதாகச் செய்வது நம் ஊர் எலக்ட்ரீஷியன்களின் வழக்கம்; அதை அனுமதிக்காதீர்கள். லூகாஸ் முறையில் பழுப்பு நிறம் பேட்டரியிலிருந்து நேராக வருவது, வெள்ளை இக்னிஷன், பச்சை ஃபியூசைக் கடந்த இக்னிஷன், சிவப்பு சிறு விளக்குகள், நீலம் ஹெட்லைட், கறுப்பு எர்த். நைந்த கம்பியை மட்டும் அதே நிறத்தில், அதே தடிப்பில் மாற்றினால், செலவும் குறையும், பின்னால் கோளாறு பார்ப்பவருக்கும் வழி தெரியும். பேட்டரியை இணைக்குமுன் வண்டி பாசிடிவ் எர்த்தா நெகடிவ் எர்த்தா, அதாவது பேட்டரியின் எந்த முனை வண்டியின் உடலோடு இணைகிறது என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். அந்தக் காலத்து வண்டிகளில் இரண்டும் உண்டு. முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது, பேட்டரி முனைக்கும் கேபிளுக்கும் நடுவே 21 வாட் பல்பு ஒன்றை இணைத்து, எல்லா சுவிட்சுகளையும் அணைத்து வையுங்கள். பல்பு பிரகாசமாக எரிந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது; கம்பி எரிந்து போவதற்குப் பதில் பல்பு எரிந்து உங்களுக்குச் சொல்கிறது.

டிங்கரும் பெயிண்ட்டும்

மூல நிறத்தைக் கண்டுபிடிக்க, டாஷ்போர்டின் அடியிலோ டிக்கியின் ரப்பர் விரிப்புக்குக் கீழோ பாருங்கள். வெளித் தகட்டில் பார்ப்பதானால், மறைவான ஓரிடத்தில் வாட்டர் பேப்பரால் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே போங்கள். மேலே சிவப்பு, அதற்குள் சாம்பல், அதற்குள் வெளிர்நீலம் என்று நிறங்கள் வளையம் வளையமாக வெளிப்படும். பிரைமருக்கு மேலே கிடக்கும் கடைசி வளையமே பெரும்பாலும் தொழிற்சாலை நிறம். ஆர்.சி.யில் வேறு நிறம் எழுதப்பட்டிருந்தால், அடிப்பதற்கு முன்பே ஆர்.டி.ஓ.வில் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

டிங்கர் வேலையில் பட்டி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. பழைய பட்டியின் மீது காந்தத்தை ஓட்டிப் பார்த்து, ஒட்டாத இடங்களையெல்லாம் சுரண்டி எடுக்கச் சொல்லுங்கள். நல்ல டிங்கர் தகட்டைச் சுத்தியாலும், தகட்டின் பின்னால் பிடிக்கும் டாலி என்ற இரும்புக் கட்டையாலும் எழுப்புவார். பட்டியைக் கடைசியாக மெல்லிய பூச்சுக்குத்தான் எடுப்பார். கூலி நாளொன்றுக்கு அதிகமாகக் கேட்டாலும் அவரிடமே கொடுங்கள், ஏனெனில் பட்டியால் நிரப்பிய வேலை இரண்டாவது மழையில் கொப்புளம் விடும்.

எப்போது பெயிண்ட் அடிப்பது என்பதில் எல்லைப்புறத்தில் இருப்பவர் சற்று நுணுக்கமாக யோசிக்க வேண்டும். வீட்டில் அடிப்பவருக்கு என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட்டே ஏற்றது. பி.யூ. (பாலியூரிதேன்) பெயிண்ட்டின் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட், வெளிக்காற்று கொடுக்கும் முகமூடி இல்லாமல் சுவாசித்தால் நுரையீரலைக் கெடுத்துவிடும். அது வசதியுள்ள பெயிண்ட் பட்டறைக்கு உரியது. என்.சி.யின் பலவீனம் ஈரம். தின்னர் ஆவியாகும்போது தகடு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிய, பெயிண்ட் வெளுத்துப் பால் கலந்தாற்போல் ஆகிவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரையிலும், துலாமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகையிலும் அடிப்பதை நினைக்கவே வேண்டாம். மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்குக் காற்று வறண்டு வீசும்; ஈரம் இருக்காது என்றாலும், புழுதியும் வைக்கோல் தூசும் பறந்து வந்து ஈரப் பெயிண்ட்டில் ஒட்டும். மாசி பிறந்து காற்று அடங்கிய பின், பங்குனி வெயில் முற்றுமுன் உள்ள நாட்களே சிறந்தவை. கொட்டகைத் தரையில் தண்ணீர் தெளித்துத் தூசை அடக்கி, அந்த ஈரம் வடிந்த பின், வெயில் ஏறிய காலை வேளையில் தொடங்குங்கள். கட்டாயத்தால் ஈரநாளில் அடிக்க நேர்ந்தால், மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளித் தகடுகளுக்கு மட்டும் காம்பவுண்ட் போட்டு மெருகேற்றுங்கள்; பானெட்டின் உட்புறத்தையும் டிக்கியின் உட்புறத்தையும் அடித்தபடியே விட்டுவிடுங்கள். தொழிற்சாலையில் அங்கே யாரும் மெருகேற்றவில்லை.

மீதியும் உதிரிபாகமும்

சீட்டுக்குப் பழைய ரெக்சினின் தையல் கோடுகளைக் குஷன் பட்டறையில் அப்படியே பின்பற்றச் சொல்லுங்கள். ஸ்பிரிங்கின் மேல் புது ஃபோம் அதிகம் வைத்தால் சீட்டு உயர்ந்து உருவமே மாறிவிடும். எஃகுப் பாகங்களுக்குக் குரோமிய முலாம் திரும்பப் போடலாம். கைப்பிடி போன்ற துத்தநாக வார்ப்புகளில் குழி விழுந்திருந்தால், முலாம் பட்டறைக்காரர் எவ்வளவு உறுதி சொன்னாலும் கொடுக்க வேண்டாம்; தேய்ப்பதில் விளிம்புகள் கரைந்து போகும். குழியோடு மெருகிட்டு மாட்டுவதே மேல். டயர் மூலத்தில் 5.20-13 அளவு, இப்போது 145/80 ஆர்13 ரேடியல் எளிதாகக் கிடைக்கும். பழைய ரிம்முக்கு டியூப் போட மறக்காதீர்கள்.

உதிரிபாகத்துக்கு முதலில் கோவை உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகள், பிறகு சென்னைப் புதுப்பேட்டை. அங்கே ஹெரால்டு என்று மட்டும் கேட்காமல், பழைய பாகத்தையே கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். வேறு வண்டியின் சீலும் பேரிங்கும் அதே அளவில் இருப்பது உண்டு. டிரனியன், செங்குத்துத் தண்டு, திரஸ்ட் வாஷர், ஹெட் கேஸ்கெட் போன்றவற்றை பிரிட்டனில் ஸ்பிட்ஃபயர் பாகம் விற்பவர்களிடமிருந்து வரவழைக்கலாம். சுங்க வரியும் கூரியர் செலவும் பாகத்தின் விலையை விழுங்கிவிடும் என்பதால், அக்கம்பக்கத்து ஹெரால்டுக்காரர்களுடன் சேர்ந்து ஒரே பார்சலாக வாங்குங்கள். என்ஜின் அளவுகள் மாறுபடுவதால், ஸ்பிட்ஃபயர் பட்டியலில் உள்ள என்ஜின் பாகத்தை 948 சி.சி.க்குப் பொருந்துமா என்று கேட்டு உறுதிசெய்யாமல் பணம் கட்டாதீர்கள்.

வண்டி முழுதாக நின்றபின், முதலில் பிளக்குகளைக் கழற்றி வைத்துவிட்டு, ஆயில் விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டரால் சுற்றுங்கள். அதன் பிறகே பற்றவையுங்கள். புது ரிங் போட்டிருந்தால் முதல் 800 கிலோமீட்டர் வரை ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டாமல், ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். வாளையார் நெடுஞ்சாலையைவிட, சித்தூரிலிருந்து கோபாலபுரம் வரை உள்ள ஊர்ச்சாலை இதற்குப் பொருத்தம். அந்த ஓட்டம் முடிந்ததும் 20-டபிள்யூ-50 ஆயிலை மாற்றி, என்ஜின் முற்றிலும் ஆறிய பின் ஹெட் நட்டுகளை மேனுவல் சொல்லும் வரிசையில் மீண்டும் இறுக்கி, வால்வு இடைவெளியைச் சரிபாருங்கள். ஆர்.டி.ஓ. பரிசோதனைக்கு நாள் குறிப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும். அன்றைக்கு எடுத்துச் செல்லும் கோப்பில், வேலை தொடங்குமுன் எடுத்த படங்களையும், சேஸி எண்ணைப் பென்சிலால் உரசி எடுத்த தாளையும் சேர்த்து வையுங்கள்.